அடிபட்டவரோடு அவசரப் பிரிவுக்குப் போகிறீர்களா? எக்ஸ்ரே, ஸ்கேன் எப்போது தேவை, என்ன கேட்பார்கள், எவ்வளவு ஆகும்

போன ஐப்பசியில் அப்பா மொபெட்டில் வந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த பைக் இடித்து விழுந்தார். வயது 67. எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லப்பா, முட்டிதான் பேந்துருச்சு" என்றார். ரத்தம் வந்ததும் அங்கேதான், அதனால் நானும் முட்டியையே பார்த்தேன். பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அப்பா இரண்டாவது முறையாக வாந்தி எடுத்தார். முதல் வாந்தி ஆட்டோவிலேயே வந்துவிட்டது. காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோய், தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, மண்டைக்குள் மெல்லிய ரத்தக்கசிவு இருப்பது தெரியவந்தபோது விபத்து நடந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை, அப்பா தேறிவிட்டார். எந்தப் படம் எடுக்க வேண்டும் என்பதை டாக்டர்கள் பெரும்பாலும் நாலைந்து கேள்விகளை வைத்தே முடிவு செய்கிறார்கள் என்பதும், அதற்கான பதில்கள் கூட வந்தவரிடம்தான் இருக்கின்றன என்பதும் அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கேள்விகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். நான் டாக்டர் இல்லை. முடிவெடுப்பது அவர்கள் வேலை, தகவல் கொடுப்பது நம் வேலை.

1. கிளம்பும்போதே: எங்கே, எதோடு

தலையில் அடி, மயக்கம், மூச்சுத் திணறல், உயரத்திலிருந்து விழுந்தது, வேகமாக வந்த வண்டி இடித்தது என்றால் 108-க்குத்தான் அழைக்க வேண்டும். இலவசம். எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சொந்த வண்டியில்தான் போவது என்றால், கிளம்பும் முன் அந்த மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு, "இப்போ சி.டி. ஓடுதா, எடுக்க ஆள் இருக்காங்களா?" என்று கேளுங்கள். போர்டில் ஸ்கேன் என்று போட்டிருக்கும், ராத்திரி டெக்னீசியன் இருக்கமாட்டார். எங்களுக்கு இரண்டு மணி நேரம் போனது இப்படித்தான்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

- அவர் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். பெயரை ஞாபகத்தில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று நம்பாதீர்கள். குறிப்பாக அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கக் கடைசியாக எடுத்த ஐ.என்.ஆர். ரிப்போர்ட் இருந்தால் அதுவும்.
- சர்க்கரை, சிறுநீரகம் சம்பந்தப்பட்ட பழைய ரிப்போர்ட்.
- ஆதார், முதல்வர் காப்பீட்டு அட்டை, தனியார் இன்சூரன்ஸ் இருந்தால் அந்த அட்டை. கையில் இல்லை என்றால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், பின்னால் யாராவது கொண்டுவரலாம்.

வழியில் அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவரைக் கொண்டுபோகிறீர்கள் என்றாலும் பயப்பட வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134 ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. "போலீஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எந்த மருத்துவமனையும் முதலுதவியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

2. வாசலில்: உடனே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிப்பார்கள். சிவப்பு என்றால் இந்த நிமிடமே கவனிக்க வேண்டியவர். பச்சையில் போட்டுவிட்டார்களே என்று சண்டை போடாதீர்கள், காத்திருக்க முடிகிற நிலையில் இருக்கிறார் என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் காத்திருக்கும்போது வாந்தியோ உளறலோ தூக்கமோ வந்தால் எழுந்துபோய்ச் சொல்லுங்கள். தரம் மாறும்.

முதல் பத்து நிமிடம் மூச்சு, ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு இவற்றைத்தான் பார்ப்பார்கள். "ஸ்கேன் எடுக்காம என்ன பண்றாங்க?" என்று அந்த நேரத்தில் தோன்றும். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருப்பவரை சி.டி. அறைக்குள் தள்ளிவிடுவது ஆபத்து. அங்கே ஏதாவது ஆனால் காப்பாற்றும் வசதி குறைவு. அப்படிப்பட்டவருக்குப் படுக்கையிலேயே மார்பு எக்ஸ்ரே, இடுப்பு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஃபாஸ்ட் எனப்படும் துரித அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். இதயத்தைச் சுற்றி, கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு என நாலு இடத்தில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தேங்கியிருந்து, அழுத்தமும் ஏறவில்லை என்றால் சி.டி. எடுக்காமலே நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப்போவதும் உண்டு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

3. தலையில் அடி: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

தலையில் அடிபட்ட எல்லோருக்கும் சி.டி. தேவையில்லை. உலகம் முழுக்கப் பல அவசரப் பிரிவுகளில் பின்பற்றுவது 2001-இல் வெளியான கனடா விதி. அடிபட்டதும் சற்று நேரமாவது நினைவிழந்தவர், நடந்தது மறந்துபோனவர், இடம் தெரியாமல் குழம்பியவர், ஆனால் இப்போது ஓரளவு தெளிவாக இருப்பவர் ஆகியோருக்கானது அது. அவர்களில் கீழே உள்ள ஏதாவது ஒன்று இருந்தாலும் சி.டி. எடுப்பார்கள்:

- அடிபட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் முழுத் தெளிவு வரவில்லை. இதை ஜி.சி.எஸ். என்று 15-க்கு மதிப்பெண் போட்டு எழுதுவார்கள்; 15 வந்தால் முழுத் தெளிவு.
- மண்டை ஓடு உடைந்தது அல்லது உள்ளே அமுங்கியது போலத் தெரிகிறது.
- காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிகிறது, காதுக்குப் பின்னால் நீலம் கட்டியிருக்கிறது, இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்திருக்கிறது.
- இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி.
- வயது 65 அல்லது அதற்கு மேல்.
- அடிபடுவதற்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ நினைவில் இல்லை.
- நடந்துபோனவரை வண்டி இடித்தது, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார், மூன்றடிக்கு மேலிருந்தோ ஐந்து படிக்கு மேலிருந்தோ விழுந்தார்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களையும், அடிபட்ட பின் வலிப்பு வந்தவர்களையும் இந்த விதியில் சேர்க்கவே இல்லை. காரணம், அவர்கள் விஷயத்தில் இப்படிச் சலித்துப் பார்ப்பதற்கு இடமில்லை, ஸ்கேன் பக்கம்தான் சாய்வார்கள். அப்பாவுக்கு வயது, இரண்டு வாந்தி, மாத்திரை என மூன்று காரணங்கள் இருந்தன. நான் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியவை: எத்தனை மணிக்கு அடிபட்டது, நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், எத்தனை வாந்தி, வலிப்பு வந்ததா, என்ன மாத்திரை, குடித்திருந்தாரா. கடைசிக் கேள்விக்கு மட்டும் வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம். குடித்திருந்தால் உளறல் போதையாலா அடியாலா என்று பிரிக்க முடியாது என்பதால்தான் கேட்கிறார்கள். அதைவிட ஆபத்து, "குடிச்சிருக்கான், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவது.

இன்னொரு பொறி: தலைக்கு எக்ஸ்ரே. ஓடு உடைந்திருக்கிறதா என்பதை அது ஓரளவு காட்டும், உள்ளே கசியும் ரத்தத்தைக் காட்டாது. "எக்ஸ்ரே நார்மல்" என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

4. கழுத்து

விபத்தில் சிக்கியவர் கழுத்து வலிக்கிறது என்றால் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கும் நம் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். கழுத்தின் நடு எலும்பை அழுத்தினால் வலி, கை கால் மரத்துப்போதல் அல்லது பலமின்மை, தெளிவில்லாத நிலை, போதை, கழுத்து வலியே தெரியாத அளவுக்கு வேறோர் இடத்தில் பெரிய காயம் ஆகிய ஐந்தில் ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் படம் எடுக்கமாட்டார்கள். ஒன்று இருந்தாலும் எடுப்பார்கள். பெரியவர்களுக்கு இப்போது பெரும்பாலும் நேராக சி.டி.தான். எக்ஸ்ரேயில் கழுத்தின் அடிப்பகுதி தோள்பட்டைக்குள் மறைந்துபோகும்.

கழுத்து அசையாமல் இருக்க மாட்டிவிடும் காலரை, டாக்டர் கழற்றச் சொல்லும்வரை கழற்றாதீர்கள். அரிக்கிறது என்று அப்பா நாலு முறை கேட்டார்.

5. கை, கால், இடுப்பு

கணுக்கால் பிசகியவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு உடைந்திருக்காது. அதனால் 1992-இல் ஒட்டாவாவில் ஒரு விதி வகுத்தார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலி, அல்லது அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. இரண்டும் இல்லை என்றால் ஐஸ், ஓய்வு, கட்டு. நொண்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தாலும் வைத்ததாகத்தான் கணக்கு. வீக்கத்தை மட்டும் பார்த்து, "இவ்ளோ வீங்கியிருக்கு, எக்ஸ்ரே வேண்டாமா?" என்று வற்புறுத்தத் தேவையில்லை.

முழங்காலுக்கும் இதேபோல ஒன்று உண்டு. வயது 55 அல்லது அதற்கு மேல், முழங்கால் சில்லில் மட்டும் வலி, வெளிப்பக்கம் கீழே உள்ள சிறிய எலும்பு முனையில் வலி, 90 பாகை மடக்க முடியாமை, நாலு எட்டு வைக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தால் எக்ஸ்ரே. ஆக அப்பாவுக்கு எடுத்த முழங்கால் எக்ஸ்ரே தப்பில்லை. வரிசைதான் தப்பு.

முதல் எக்ஸ்ரேயில் அகப்படாத உடைவுகள் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பள்ளத்தில் வலி. அங்குள்ள குட்டி எலும்பின் விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். மாவுக்கட்டோ ஸ்ப்ளின்ட்டோ போட்டுவிட்டு 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். வலி குறைந்துவிட்டது என்று போகாமல் விட்டால், அந்த எலும்பு கூடாமலே போய் மணிக்கட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம்.

இரண்டு, பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டி. இடுப்பு எக்ஸ்ரே நார்மல், ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. அங்கே சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ கேட்பதில் நியாயம் இருக்கிறது. "வயசாயிடுச்சு, வலிக்கத்தான் செய்யும்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

நாட்டு வைத்தியக் கட்டுக்குப் போவதாக இருந்தாலும், முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு உடைந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போங்கள். விரல் நுனி வெளுத்தோ ஜில்லென்றோ மரத்தோ இருந்தால் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம், உடனே டாக்டர் பார்க்க வேண்டும்.

6. மார்பு, வயிறு

ஸ்டியரிங், ஹேண்டில்பார், மாடு முட்டியது என்று வயிற்றில் குத்து விழுந்திருந்தால் வெளியே கீறல்கூட இல்லாமல் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். ஃபாஸ்ட் நார்மல் என்றாலும் அது முழுச் சான்றிதழ் இல்லை. குடல் காயத்தை அது காட்டாது. வலி தொடர்ந்தால், படம் தெளிவாகத் தெரிய நரம்பில் மருந்து ஏற்றி சி.டி. எடுப்பார்கள். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், உயிர் போகும் அவசரத்தில் அதற்கும் காத்திருக்கமாட்டார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர், முன்பு ஸ்கேன் மருந்தால் அலர்ஜி வந்தவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

7. குழந்தைகளும் கர்ப்பிணிகளும்

தொட்டிலிலிருந்து விழுந்த குழந்தைக்கு உடனே சி.டி. எடுக்காமல் நாலு முதல் ஆறு மணி நேரம் வைத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் இல்லை. குழந்தைகளின் உடல் கதிர்வீச்சுக்கு அதிகம் பாதிக்கப்படும் என்பதால், வேண்டாத சி.டி.யைத் தவிர்க்கத்தான் அப்படி. தலைக்கு ஒரு சி.டி. எடுத்தால் விழும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஆண்டு முழுக்க நம்மேல் விழுவது ஏறக்குறைய 2 முதல் 3. பெரியவருக்கு இது பயப்படும் அளவு இல்லை. குழந்தை வழக்கம்போல இல்லை, சோர்ந்து கிடக்கிறது, திரும்பத் திரும்ப வாந்தி, நெற்றியைத் தவிர வேறு இடத்தில் கொழகொழவென்று வீக்கம் என்றால் சொல்லுங்கள். "எப்பவும் இப்படி இருக்கமாட்டா" என்று அம்மா சொல்வதற்கு டாக்டர்கள் மதிப்புக் கொடுப்பார்கள்.

கர்ப்பிணி என்றால் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும். முடிந்தவரை அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள், தாயின் உயிருக்குத் தேவை என்றால் சி.டி.யைத் தடுக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டப்படி எஃப் படிவம் நிரப்புவது கட்டாயம், அதனால் அடையாள அட்டை கேட்பார்கள்.

8. "எம்.ஆர்.ஐ. எடுத்திடுங்க சார், காசு பிரச்சினை இல்ல"

நான் சொன்னது. டூட்டி டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புதிதாக அடிபட்ட தலைக்கு வேண்டியது சி.டி.தான். படம் எடுப்பது சில நிமிட வேலை. ரத்தக்கசிவும் எலும்பும் அதில் நன்றாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. என்றால் அரை மணி, முக்கால் மணி அசையாமல் கிடக்க வேண்டும். பேஸ்மேக்கர், உடம்பில் உலோகம் எல்லாம் சிக்கல். தண்டுவடத்தில் அடி என்ற சந்தேகம், எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு உடைவு, சில நாள் கழித்து முழங்கால் சவ்வு, இவற்றுக்கு அது வேண்டும். விலை அதிகம் என்பதால் மேலானது ஆகிவிடாது.

9. செலவு

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை, வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. உச்சவரம்பை மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் மத்திய அரசும் நாடு முழுக்க, விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாளுக்கு, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாத சிகிச்சை என்று அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் பில்லிங் கவுண்டரில், "நீங்க 48 திட்டத்தில இருக்கீங்களா?" என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். நாங்கள் கேட்கவில்லை, கட்டினோம். தலை சி.டி.க்கு 2,800, ஐ.சி.யூ. இரண்டு நாள் தனி.

சாலை விபத்து இல்லாமல் வீட்டில் வழுக்கி விழுந்தது, மரத்திலிருந்து விழுந்தது என்றால் இந்தத் திட்டங்கள் வராது. அதற்கு முதல்வர் காப்பீட்டு அட்டைதான். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரேக்குச் செலவில்லை, சி.டி.க்குத் தனியாரில் ஆவதில் ஒரு சின்னப் பங்குதான், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் ஸ்கேன் சென்டருக்குப் போகச் சொன்னால், கூட நர்ஸ் வருகிறாரா, ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்ட பிறகே நோயாளியை நகர்த்துங்கள்.

10. காகிதங்கள்

விபத்து என்றாலே மருத்துவமனை அதை எம்.எல்.சி., அதாவது சட்டம் சம்பந்தப்பட்ட மருத்துவ வழக்காகப் பதிந்து போலீசுக்குத் தகவல் கொடுக்கும். அப்போது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் ஏ.ஆர். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அந்த நாலு வரிதான் அடிப்படை.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? இடித்த பையன் காலேஜ் படிக்கிறான், பாவம் என்று, "நானா விழுந்தேன்" என்று சொல்லிவிட்டார். ஏ.ஆரில் அப்படியே ஏறியது. பிறகு இழப்பீட்டுக்குப் போனபோது வக்கீல் முதலில் கேட்டது ஏ.ஆர். காப்பி. படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி நம்பர், நேரம், இடம் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுவுக்குச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது.

கேட்டு வாங்க வேண்டியவை: ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே படம், ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டு, ரேடியாலஜிஸ்ட் கையெழுத்திட்ட ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. ராத்திரி கொடுப்பது பெரும்பாலும் தற்காலிக ரிப்போர்ட். மறுநாள் இறுதி ரிப்போர்ட்டில் ஒரு வரி கூடியிருக்கலாம். அப்பாவுக்குக் கூடியது: இடது பக்கம் ஒரு விலா எலும்பில் விரிசல். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் தட்டையும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அங்கே மறுபடி எடுப்பார்கள். மொபைலில் எடுத்த போட்டோ போதாது. ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி.

11. "ஸ்கேன் நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்ற பிறகு

முதல் 24 மணி நேரம் யாராவது கூட இருக்க வேண்டும். தூங்கவே விடக் கூடாது என்று அத்தைகள் சொல்வார்கள். தூங்கலாம், எழுப்பினால் எழுந்து சரியாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலமின்மை, வலிப்பு என்றால் விடியும்வரை காத்திருக்காமல் திரும்பக் கொண்டுபோங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

வயதானவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் வெளிப்படலாம். நடை தள்ளாடுகிறது, பெயர் மறக்கிறது, தலைவலி என்கிறார் என்றால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல், பழைய ஸ்கேன் தட்டை எடுத்துக்கொண்டு போய், இந்தத் தேதியில் தலையில் அடிபட்டது என்று சொல்லுங்கள்.